தேவாலயத்தில் லைவ் கேமரா... முதலில் வாங்க வேண்டியது மைக்!

ரியாத்தில் காலை ஆறு மணி என்றால் கீழப்பாவூரில் எட்டரை. சவுதியில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. அங்கே தேவாலயமும் கிடையாது. வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், ஊரில் நடக்கும் ஆராதனையை செல்போனில் பார்த்துவிட்டுப் போக நினைக்கும் ஒருவருக்கு அந்த ஆறு அங்குலத் திரைதான் கோயில்.

திரையில் என்ன தெரிகிறது? கடைசி வரிசைக்குப் பின்னால், ஸ்டாண்டில் மாட்டிய ஒரு செல்போன் காட்டும் காட்சி. முன்னால் நூறு தலைகள். தூரத்தில் வெள்ளை அங்கியில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் குருவானவர் என்று ஊர்க்காரருக்குத் தெரியும். என்ன கேட்கிறது? மின்விசிறி சத்தம், யாரோ ஒரு குழந்தையின் அழுகை, பெஞ்சை இழுக்கும் ஓசை. அதற்கும் அப்பால், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல பிரசங்கம். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எம்மா, ஒண்ணுமே கேக்கலம்மா" என்று வீட்டுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார்.

கீழப்பாவூர், பாவூர்சத்திரம், ஆலங்குளம், சுரண்டை என்று தென்காசி மாவட்டத்தின் இந்தப் பக்கத்தில் வளைகுடாவிலோ, மும்பையிலோ, சென்னையிலோ பிள்ளைகள் இல்லாத குடும்பங்கள் குறைவு. அதனால்தான் கொரோனா முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், 'நம்ம கோயிலுக்கும் நல்லதா ஒரு கேமரா வாங்கணும்' என்ற பேச்சு சபைக் கூட்டங்களில் ஓய்வதில்லை. பேச்சு நியாயமானதுதான். ஆனால், பேச்சின் முதல் சொல்லே கேமராவாக இருப்பதில்தான் சிக்கல். காணிக்கைப் பணத்தில் விலை உயர்ந்த கேமரா வந்து இறங்கும். படம் பளிச்சென்று மாறும். சத்தம் மட்டும் அதே கிணற்றுக்குள்ளிருந்து வரும். பீடி சுற்றிச் சேர்த்த காசிலிருந்து ஒரு பாட்டி போட்ட காணிக்கையும் அதில் இருக்கிறது என்பதை கமிட்டி மறந்துவிடக் கூடாது.

சுவரில் தெரிந்த பூசை

படுக்கையில் கிடப்பவருக்கும் கோயில் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை தொலைக்காட்சியைவிட மூத்தது. 13-ம் நூற்றாண்டில் இத்தாலியின் அசிசி நகரில் வாழ்ந்தவர் புனித கிளாரா. நோயில் படுத்திருந்ததால் ஒரு கிறிஸ்துமஸ் இரவு அவரால் பூசைக்குப் போக முடியவில்லை. ஆனால் அந்தப் பூசையைத் தன் அறையில் இருந்தபடியே கண்டார், கேட்டார் என்பது மரபுக்கதை. இந்தக் கதையை வைத்துத்தான், 1958-ல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தது வத்திக்கான். டிவிக்கே ஒரு புனிதர் இருக்கிறார் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம்.

உலகின் முதல் தேவாலய ஒலிபரப்பு 1921-ம் ஆண்டு ஜனவரி 2 அன்று நடந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கால்வரி எபிஸ்கோபல் ஆலயத்திலிருந்து, கே.டி.கே.ஏ வானொலி ஞாயிறு மாலை ஆராதனையை அப்படியே காற்றில் அனுப்பியது. அன்று அந்த வானொலிக்கு வயது இரண்டே மாதம். இதில் ரசிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. ஒலிக்கருவிகளைக் கவனிக்க வந்த இரண்டு பொறியாளர்களில் ஒருவர் யூதர், இன்னொருவர் கத்தோலிக்கர். ஆராதனையில் இருப்பவர்களின் கவனம் சிதறக் கூடாது என்பதற்காக, இருவருக்கும் பாடகர் குழுவின் அங்கியை மாட்டிவிட்டார்கள்! இன்று பலிபீடத்தின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வீடியோகிராபர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய அங்கி அது.

1948 கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை பாரிஸின் நோத்ர டாம் பேராலயத்திலிருந்து தொலைக்காட்சியில் போனது. 1953 ஜூன் 2 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா. ஆலயத்தின் முக்கியப் பகுதிக்குள் டிவி கேமரா வரவே கூடாது என்றுதான் முதலில் முடிவெடுத்தார்கள். மக்கள் கொதித்த பிறகு இறங்கிவந்தார்கள். பிரிட்டனில் மட்டும் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். ஆனால், ராணிக்கு எண்ணெய் பூசும் புனிதச் சடங்கின்போது கேமரா விலகிக்கொண்டது. இந்த விலகல் பற்றிப் பிறகு பேசுவோம்.

நமக்கு நெருக்கமான காட்சிகளும் உண்டு. 2019 ஈஸ்டர் அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்த அடுத்த ஞாயிறு, நாட்டின் கத்தோலிக்க ஆலயங்களில் பூசைகள் நிறுத்தப்பட்டன. கொழும்பு பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் தன் இல்லத்துச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்ற, மக்கள் வீடுகளில் டிவி முன்னால் அமர்ந்து பங்கேற்றார்கள். மறு ஆண்டு கொரோனா. 2020 மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் தனியாக நின்று ஜெபித்ததை உலகமே பார்த்தது. ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில், லட்சக்கணக்கானோர் திரளும் கொடியேற்றம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. நடந்தே போய்ச் சேர வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்களும் அந்த ஆண்டு திரையில்தான் கொடியைப் பார்த்தார்கள்.

பெரிய பேராலயங்களுக்கு ஆள் உண்டு, பணம் உண்டு. கீழப்பாவூர் அளவிலான ஓர் ஊரின் ஆலயம் இதை எப்படித் திட்டமிடலாம்?

கையைத் தட்டிப் பாருங்கள்

செலவில்லாத முதல் சோதனை இது. ஆலயம் காலியாக இருக்கும் ஒரு வார நாளில் நடுவில் நின்று, பலமாக ஒருமுறை கையைத் தட்டுங்கள். சத்தம் உடனே அடங்குகிறதா, சுவர்களில் மோதி ஒரு விநாடி, ஒன்றரை விநாடி சுற்றிவருகிறதா? திருநெல்வேலிச் சீமையின் பழைய ஆலயங்கள் உயரமான கூரையும் கனத்த சுவருமாகக் கட்டப்பட்டவை. மைக் இல்லாத காலத்தில் பாடல் நிறைந்து ஒலிப்பதற்கு அந்த எதிரொலி உதவியது. இன்று தூரத்தில் வைத்த செல்போன் மைக்குக்கு அதுவே எதிரி. பேச்சின் ஒவ்வொரு சொல்லும் முந்தைய சொல்லின் எதிரொலியில் மூழ்கிவிடும்.

தீர்வு எளிது. வாய்க்குப் பக்கத்தில் மைக் இருக்க வேண்டும். அந்த மைக்கின் ஒலி, காற்று வழியாக அல்லாமல் கம்பி வழியாக வீடியோவுக்குப் போக வேண்டும். மிக்ஸர் ஏற்கெனவே இருக்கும் ஆலயங்களில் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியில்தான் பலர் தவறுகிறார்கள். மிக்ஸரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் அதே ஒலியை லைவுக்கும் கொடுத்துவிடுவார்கள். ஆலயத்துக்குள் பாடகர் குழுவும் சபையும் பாடுவது நேரடியாகவே காதில் விழும். அதற்கு ஸ்பீக்கர் தேவையில்லை. அதனால் மைக் செட்காரர் பாடகர் குழுவின் மைக்கைக் குறைத்து வைத்திருப்பார். லைவில் கேட்பவருக்கோ, முந்நூறு பேர் பாடும் இடத்தில் ஒரே ஒருவர் மட்டும் கீர்த்தனை பாடுவதுபோல் இருக்கும். பெரும்பாலான மிக்ஸர்களில் 'ஆக்ஸ்' என்றொரு தனி வெளிவழி உண்டு. லைவுக்கான ஒலிக் கலவையைத் தனியாக அமைத்து அதன் வழியே அனுப்ப வேண்டும். சபையை நோக்கி மேலே ஒரு மைக்கைக் கட்டி, அதை லைவுக்கு மட்டும் கொஞ்சமாகக் கலந்தால் போதும். "ஆமென்" என்று எல்லோரும் சொல்வது ரியாத்துக்கும் கேட்கும். அந்த ஒரு மைக் தரும் நிறைவை எந்த 4கே கேமராவும் தராது.

கம்பியில் 'உர்ர்' என்று ஓர் இரைச்சல் வந்தால் பெரும்பாலும் எர்த் பிரச்னை. மிக்ஸர் ஒரு மின் இணைப்பிலும், கம்ப்யூட்டர் இன்னொரு மூலையில் வேறொரு இணைப்பிலும் இருக்கும்போது இது வரும். இரண்டையும் ஒரே இணைப்புக்கு மாற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நடுவில் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் உள்ள சிறு பெட்டி ஒன்றை மாட்டினால் தீர்ந்துவிடும். எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டு இரைச்சலை நிறுத்தும் 'வித்தை'யை மட்டும் யாரும் செய்யக் கூடாது. மைக்கைப் பிடிப்பவரின் உயிருக்கே ஆபத்து.

வெளியில் நடக்கும் அசன பண்டிகை, கன்வென்ஷன் கூட்டங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஆரியங்காவு கணவாய் வழியாகக் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் அதே காற்றுதான் இந்தப் பக்கத்துக் காற்றாலைகளையும் சுற்றவைக்கிறது. மைக்கில் அது புயலாகக் கேட்கும். ஸ்பாஞ்ச் உறை இல்லாமல் வெளி மேடையில் மைக் வைக்காதீர்கள்.

ஜன்னலும் டியூப் லைட்டும்

இனி கேமராவுக்கு வரலாம். அதற்கும் முன்னால் வெளிச்சம்.

பலிபீடத்துக்குப் பின்னால் ஜன்னலோ, வண்ணக் கண்ணாடியோ இருந்தால், காலை வெயிலில் குருவானவர் கறுப்பு நிழலாகத்தான் தெரிவார். கேமராவின் தவறல்ல அது. பின்னால் உள்ள வெளிச்சத்தைப் பார்த்து அது தன்னைக் குறைத்துக்கொள்கிறது. முகத்துக்கு முன்பக்கம், சற்று மேலே, இரு ஓரங்களிலிருந்து இரண்டு எல்.இ.டி விளக்குகள் கொடுத்தால் நிலைமை தலைகீழாக மாறும். எல்லா விளக்குகளும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். ஒருபக்கம் மஞ்சள் பல்பு, மறுபக்கம் வெள்ளை டியூப் என்றால் பிரசங்கியாருக்குப் பாதி முகம் மஞ்சள்காமாலை கண்டதுபோல் இருக்கும்.

வீடியோவில் விளக்குகள் துடிப்பதையும், திரையில் பட்டை பட்டையாக நிழல் ஓடுவதையும் பார்த்திருப்பீர்கள். காரணம் எளிமையானது. இந்தியாவில் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அமெரிக்காவில் 60. பல கேமராக்கள் 60-க்கு ஏற்ற அமைப்போடு வருகின்றன. மெனுவுக்குள் போய் 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றி, ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு விநாடியில் நிறுத்தினால் பெரும்பாலும் துடிப்பு நின்றுவிடும். காசு செலவில்லாத வைத்தியம்.

கேமரா எத்தனை? இரண்டு போதும். ஒன்று முழு ஆலயத்தையும் காட்டி அசையாமல் நிற்கட்டும். இன்னொன்று ஜூம் வசதியோடு, பேசுபவரின் முகத்துக்கு. கடைக்காரர் 'ஐம்பது மடங்கு ஜூம்' என்றால், அதில் ஆப்டிக்கல் ஜூம் எவ்வளவு என்று கேளுங்கள். லென்ஸ் நகர்ந்து பெரிதாக்குவது அதுதான். டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தை இழுத்துப் பெரிதாக்குவது; முகம் கட்டம் கட்டமாக உடையும். ரிமோட்டில் திரும்பவும் ஜூம் ஆகவும் கூடிய பி.டி.இசட் கேமராவைத் தூணிலோ மாடியிலோ பொருத்திவிட்டால், இடைவழியில் யாரும் ஸ்டாண்டோடு நிற்க வேண்டியதில்லை. பிட்ஸ்பர்க் பொறியாளர்களின் அங்கிக்கு இன்றைய மாற்று இதுதான்.

கேமராக்களுக்கு இடையே மாற்றிக் காட்ட ஒரு ஸ்விட்சர் வேண்டும். 2019-ல் பிளாக்மேஜிக் நிறுவனம், நான்கு கேமராவை இணைக்கக்கூடிய 'ஏடெம் மினி' என்ற கையடக்கப் பெட்டியைக் கொண்டுவந்த பிறகு, சிறிய ஆலயங்களுக்கும் இது எட்டும் தூரத்துக்கு வந்தது. வாங்க முடியாதவர்களுக்கு ஓ.பி.எஸ் என்ற இலவச மென்பொருள் உண்டு. சுமாரான நல்ல கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் போதும். பாடல் வரிகளைத் திரையில் போடுவதற்கும் ஓபன் எல்.பி போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. பழைய டி.டி.பி எழுத்துருவில் தட்டி வைத்த பாடல்கள் இவற்றில் பூச்சி பூச்சியாகத் தெரியும். யூனிகோடில் மறுபடி தட்டித்தான் ஆக வேண்டும். தமிழ் டைப்பிங் தெரிந்த வாலிபர்களுக்கு ஒரு மாத வேலை. எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள், பார்க்கப்போவது செல்போனில்.

கம்பி விஷயத்தில் ஏமாந்துவிடுவது சுலபம். வீட்டு டிவிக்குப் பயன்படுத்தும் எச்.டி.எம்.ஐ கேபிள் பத்துப் பதினைந்து மீட்டர் தாண்டினால் நம்ப முடியாது. பலிபீடத்துக்கும் மாடிக்கும் இடையே அதைவிட நீளம் இருந்தால், எஸ்.டி.ஐ வசதியுள்ள கேமராவும் அதற்கான கோ-ஆக்ஸ் கேபிளும்தான் சரி. பழைய சுண்ணாம்புச் சுவரில் துளை போடுவதற்கு முன்னால் கட்டடம் தெரிந்த கொத்தனாரை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டுவது நல்லது.

ஒன்றரை ஜி.பி போதாது

லைவ் பாதியில் நிற்பதற்கு முக்கியக் காரணம், கணக்குப் போடாமல் தொடங்குவது. கணக்கு இதுதான்: நல்ல தரமுள்ள லைவுக்கு விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்ப வேண்டும். இரண்டு மணி நேர ஆராதனைக்கு அது 3.6 ஜி.பி. ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி தரும் மொபைல் பேக், பிரசங்கம் தொடங்கும் முன்பே தீர்ந்துவிடும். அதனால் ஃபைபர் இணைப்பு அவசியம். அதில் பார்க்க வேண்டியது பதிவேற்ற வேகம். நாம் அனுப்புவதைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். மொபைல் ஹாட்ஸ்பாட் அவசரத்துக்கு மட்டும்.

கரன்ட் போனால் கேமரா யு.பி.எஸ்ஸில் ஓடும். ஆனால் இன்டர்நெட் மோடம் ஆபீஸ் அறையில் சாதா பிளக்கில் இருக்கும்! இந்தக் கூத்து நடக்காத ஆலயம் அபூர்வம். மோடத்தையும் யு.பி.எஸ்ஸில் சேர்த்துவிடுங்கள்.

யூடியூபில் புதிய சேனலுக்கு லைவ் வசதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். கம்ப்யூட்டர் இல்லாமல், செல்போனிலிருந்தே லைவ் போக குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். சனிக்கிழமை இரவு சேனல் தொடங்கி ஞாயிறு காலை முழிக்காதீர்கள். ஆராதனைக்கு முன் பின்னணியில் சி.டி பாட்டு போடும் வழக்கமும் வேண்டாம். மதச் சடங்கில் பாடல்களைப் பயன்படுத்த இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு விலக்கு தருகிறது என்றாலும், யூடியூபின் தானியங்கி இயந்திரத்துக்கு அந்தப் பிரிவு தெரியாது. ஒலிப்பதிவை அடையாளம் கண்டவுடன் லைவைத் தடுத்துவிடலாம். உங்கள் பாடகர் குழு பாடும் பழைய கீர்த்தனைக்கு அந்தத் தொல்லை குறைவு.

கேமரா திரும்ப வேண்டிய நேரம்

இப்போது வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குத் திரும்பலாம். கேமராவுக்கு எல்லாவற்றையும் காட்டத் தெரியும். எதைக் காட்டக் கூடாது என்பதை மனிதர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

நம் ஆலயங்களில் இதற்குக் கூர்மையான உதாரணம், ஜெபக் குறிப்புகள். இன்னாருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், இன்னார் மகளுக்குத் திருமணம் தள்ளிப்போகிறது, இன்னார் மகன் குடியிலிருந்து விடுபட வேண்டும் என்று பெயரோடு வாசிப்பார்கள். நான்கு சுவருக்குள் அது குடும்பத்துக்குள் பேசுவது மாதிரி. யூடியூபிலோ அது பத்து ஆண்டு கழித்தும் தேடினால் கிடைக்கும். அந்தப் பெண்ணைப் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் கிடைக்கும். ஜெபக் குறிப்பு நேரத்தில் லைவுக்கான ஒலியை அடைத்துவிட்டு, திரையில் ஒரு வசனத்தைக் காட்டிவிடலாம். அல்லது லைவில் பெயர் சொல்லாமல் ஜெபிக்கலாம். எது என்று கமிட்டியில் பேசி, எழுதி, கேமரா மேசையில் ஒட்டிவிட வேண்டும். நற்கருணை வாங்கும் முகங்களை நெருக்கத்தில் காட்டுவது, சண்டே ஸ்கூல் பிள்ளைகளின் பெயரோடு முகத்தைக் காட்டுவது ஆகியவற்றுக்கும் அதே தாளில் ஒரு வரி வேண்டும்.

இறுதிச் சடங்கு இன்னும் கனமானது. விமானம் கிடைக்காத மகனுக்கோ, விடுப்பு மறுக்கப்பட்ட மகளுக்கோ அந்த லைவ்தான் அப்பாவின் கடைசி முகம். அதை ஊருக்கெல்லாம் திறந்துவைக்க வேண்டியதில்லை. லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும் 'அன்லிஸ்டட்' முறையில் போட்டு, கமென்ட் பகுதியை மூடி, குடும்பத்தாரிடம் மட்டும் கொடுக்கலாம். எத்தனை நாள் வைத்திருப்பது, எப்போது நீக்குவது என்பதைக் குடும்பம்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கு மட்டும் ஒலி கெட்டுப்போனால், அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்று பேர் வேண்டும்

பொருளைவிட ஆள் கிடைப்பதுதான் கடினம். ஒலிக்கு ஒருவர், கேமராவுக்கும் ஸ்விட்சருக்கும் ஒருவர். மூன்றாமவர்தான் முக்கியம், அவருக்கு ஆலயத்தில் வேலையே இல்லை. வீட்டிலோ வெளித்திண்ணையிலோ உட்கார்ந்து, இயர்போன் மாட்டி, செல்போனில் லைவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சத்தம் நின்றால் உள்ளே இருப்பவருக்கு ஒரு மெசேஜ். ஆலயத்துக்குள் இருக்கும் எவருக்கும் லைவில் சத்தம் போகவில்லை என்பது தெரியாது; அவர்களுக்குத்தான் ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்கிறதே!

மூன்று பேரைப் பழக்கினால் போதாது, ஆறு பேரைப் பழக்குங்கள். எல்லா ஞாயிறும் ஒரே பையன் கேமராவுக்குப் பின்னால் நின்றால், அவன் ஆராதனைக்கு வருகிறானா வேலைக்கு வருகிறானா என்பது அவனுக்கே மறந்துவிடும். முறை வைத்து மாற்றினால் நிம்மதி. பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜூம் ரிமோட்டைப் பிடிக்க மீசை தேவையில்லை. கல்யாண வீடியோ எடுப்பவர் சபையில் இருந்தால் பெரிய உதவி, ஆனால் எடிட்டிங்கில் வெட்டிச் சரிசெய்யும் பழக்கம் லைவில் செல்லாது என்பதை அவரும் பழகிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. மிக்ஸர் ஒலியை செல்போனுக்குள் கொண்டுபோக ஒரு சிறு யு.எஸ்.பி ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு நல்ல ஸ்டாண்ட், முன் வரிசைக்குப் பக்கத்தில் ஓர் இடம். இந்த மூன்றோடு நான்கு ஞாயிறு ஓட்டிப் பாருங்கள். லிங்க்கை, கோயிலுக்கு வர முடியாமல் வீட்டில் கிடக்கும் நாலைந்து பெரியவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். திங்கட்கிழமை போய், "படம் நல்லா இருந்துச்சா" என்று கேட்காதீர்கள். நல்லா இருந்தது என்றுதான் சொல்வார்கள். "நேத்து ஐயர் என்ன பிரசங்கம் பண்ணுனாவ?" என்று கேளுங்கள். அவர்களால் சொல்ல முடிந்தால், விளக்குக்கும் கேமராவுக்கும் கமிட்டியில் பணம் கேட்கும் நேரம் வந்துவிட்டது.

ஆராதனை முடிந்த பிறகு ஒரு பத்து நிமிட வேலை பாக்கி உண்டு. லென்ஸை மூட வேண்டும். சாரல் மாதங்களில் கழற்றி எடுக்கும் கேமராவை, சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்ட மூடிய டப்பாவில் வைக்க வேண்டும்; இல்லையென்றால் லென்ஸில் பூஞ்சை படரும். குருவானவர் சட்டையில் மாட்டிய மைக்கை, அவர் வாசலில் நின்று சபையாரிடம் பேசத் தொடங்கும் முன்பே வாங்கி அணைக்க வேண்டும். அதன் பேட்டரியையும் கழற்றி வைத்துவிடுங்கள். மறந்தால், அது தீர்ந்துபோன விஷயம் அடுத்த ஞாயிறு முதல் ஜெபத்தின்போதுதான் தெரியவரும்.